பூனையும் நாயும் கூரையிலிருந்து விழுந்த கதை: ஒரு மரபுத்தொடர் செயலியோடு ஏழு மாதம்

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த இரண்டரையும் பொருள் சொல்லும் பகுதிக்கு மட்டும்தான். பிறப்புக் கதை சொல்லும் பகுதிக்குத் தனியாகப் போடச் சொன்னால் அரை நட்சத்திரம் கொடுக்கவே யோசிப்பேன். சிக்கல் என்னவென்றால், இந்தச் செயலி விளம்பரத்தில் மார்தட்டிக்கொள்வதே அந்த இரண்டாவது பகுதியை வைத்துத்தான். ஆங்கில மரபுத்தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் உண்மைக் கதை, தினம் ஒன்று, இரண்டே நிமிடம் என்று. நானும் அதை நம்பி ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு ஏழு மாதமாக உபயோகித்து வருகிறேன். பெயரைச் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோசனமில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இறக்கிய வேறு மூன்று செயலிகளிலும் இதே கதைகள் கிட்டத்தட்ட இதே வரிகளில் இருந்தன, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல பகுதி நிஜமாகவே நல்ல பகுதி. ஒவ்வொரு தொடருக்கும் ஓர் அட்டை. மேலே தொடர், கீழே ஒரே வரியில் பொருள், அப்புறம் மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்கள். இந்த வாக்கியங்களை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள், அது படிக்கும்போதே தெரிகிறது. கிக் த பக்கெட் அட்டையில் செத்துப்போவது என்று பொருள் சொல்லிவிட்டு நழுவாமல், இது கேலி கலந்த பேச்சு, துக்கம் கேட்கப் போன இடத்தில் சொல்லிவிடாதீர்கள் என்று சிவப்பில் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்கள். நம்மிடம் மண்டையைப் போட்டார் என்பதற்கும் காலமானார் என்பதற்கும் இருக்கிற தூரம்தான், ஆனால் அகராதியை மட்டும் வைத்து ஆங்கிலம் படித்தவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். அதே அட்டையில் இன்னொரு விஷயம்: த பக்கெட்டை எ பக்கெட் என்று மாற்றினாலோ, செயப்பாட்டு வினையாக்கி த பக்கெட் வாஸ் கிக்ட் என்று சொன்னாலோ சாவு காணாமல் போய்விடும், வெறும் வாளியை உதைத்ததாகத்தான் கேட்பவருக்குப் புரியும் என்று விளக்கியிருக்கிறார்கள். இலக்கணப் புத்தகங்கள்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதில்லை.

குரல் பதிவுகள் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டிலும் உண்டு, இயந்திரக் குரல் இல்லை. இணையம் இல்லாமலும் திறக்கிறது. தொடர் மறந்துபோனாலும் பொருளைத் தட்டித் தேடலாம். இதெல்லாம் சரி.

என் சண்டை ஆரம்பித்தது ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் என்ற ஒரே ஒரு தொடரில். பொருளைப் பற்றித் தகராறே இல்லை, கொட்டோ கொட்டென்று மழை கொட்டுவது. நமக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, அவர்களுக்குப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது. ஏன் பூனை, ஏன் நாய் என்பதுதான் கேள்வி, அதற்கு அட்டை சொன்ன கதை இது: 1500-களில் இங்கிலாந்தில் வீடுகளுக்கு வைக்கோல் கூரைதான். குளிருக்கு இதமாக இருக்குமென்று பூனை, நாய், எலி எல்லாம் கூரைக்குள்தான் குடியிருந்தன. பெருமழை வந்தால் வைக்கோல் வழுக்கும், பிராணிகள் சறுக்கிக் கீழே விழும், பார்த்தவர்கள் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்றார்கள். கூடவே ஓர் அழகான கோட்டோவியம், கூரையிலிருந்து கால்கள் நான்கும் விரிய ஒரு நாய் சறுக்கி வருகிறது, அதன் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

வாரக் கடைசியில் ஒரு வினாடி வினா வரும். இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு நான்கு விடைகள்: வைக்கோல் கூரை, ஓடின் என்ற வட ஐரோப்பியப் புயல் கடவுளின் நாய்கள், ஒரு பழைய கிரேக்கச் சொல், உறுதியாகத் தெரியாது. நான் நான்காவதை அழுத்தினேன். தவறு என்று சிவப்பு விளக்கு. 41 நாள் விடாமல் சரியாகச் சொல்லிவந்த என் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விட்டது. சிரிக்காதீர்கள், அந்த 41 எனக்கு முக்கியமாக இருந்தது. அதுவும் நான்கு விடைகளில் ஒரே சரியான விடையைச் சொன்னதற்காகப் போனது.

கூரைக் கதையை எடுத்துக்கொள்வோம். வைக்கோலோ நாணலோ வேய்ந்த கூரை என்பது குவித்துவைத்த வைக்கோல் போர் இல்லை. இறுக்கிக் கட்டி, செங்குத்தான சரிவில் வேய்வார்கள், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாக வழிந்து ஓடுவதற்காகத்தான் அந்தச் சரிவே. மேல் அடுக்குதான் நனையும். அதற்குள் எலி புகும், குருவி கூடு கட்டும், ஒரு நாய் புகுந்து படுப்பதற்கு அங்கே எங்கே இடம்? சரி, எப்படியோ ஏறிப் புகுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழ வேண்டுமென்றால் அது கூரைக்கு மேலே, மழையில் நிற்க வேண்டும். அடைமழை பெய்யும்போது வீட்டைச் சுற்றி இவ்வளவு மறைவிடம் இருக்க, கூரை உச்சியில் போய் நிற்கும் நாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பூனைக்கு அந்த யோசனையே வராது.

இந்தக் கதை எங்கிருந்து செயலிக்குள் வந்தது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது, கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளனாக இருக்கத் தேவையில்லை. 1999-ல் மின்னஞ்சலில் ஒரு கடிதம் உலகம் முழுக்கச் சுற்றியது. 1500-களில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தொடங்கி, ஆங்கிலத் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டே போகும். குளியல் தொட்டித் தண்ணீரோடு குழந்தையைக் கொட்டாதே என்ற தொடர், அப்புறம் கூரையும் பூனையும், அப்புறம் மண்தரை வீட்டு ஏழைகளைச் சொல்லும் டர்ட் புவர், அப்புறம் வாசற்படி என்று பொருள்படும் த்ரெஷோல்ட், கடைசியில் சவப்பெட்டியில் கட்டிய மணி. எல்லாம் ஆதாரமில்லாத சரடு என்று மொழி வரலாறு படித்தவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். இந்தச் செயலியில் பழங்கால வீடு என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் அட்டைகள் இருக்கும் வரிசையைப் பாருங்கள்: குளியல் தொட்டி, கூரை, மண்தரை, வாசற்படி, சவப்பெட்டி மணி. வரிசையைக்கூட மாற்றவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன்கூட நடுவில் ஒரு கேள்வியை முன்னே பின்னே போட்டு எழுதுவான்.

இதில் குளியல் தொட்டிச் சமாசாரம் இன்னும் மோசம். குடும்பத்தில் எல்லோரும் ஒரே தண்ணீரில் குளித்து, கடைசியில் குழந்தை குளிக்கும்போது தண்ணீர் கறுத்துப்போய் உள்ளே குழந்தை இருப்பதே தெரியாதாம். அந்தப் பழமொழி இங்கிலாந்தில் பிறந்ததே இல்லை, அது ஜெர்மன் சொத்து. தாமஸ் முர்னர் என்பவர் 1512-ல் வெளியிட்ட நையாண்டி நூலில் இருக்கிறது, படத்தோடு. ஆங்கிலத்துக்கு அது வந்து சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில், ஜெர்மன் நன்றாகத் தெரிந்த தாமஸ் கார்லைல் எழுத்து வழியாக. ஆக, அந்த நாளைய ஆங்கிலேயக் குடும்பங்கள் எப்படிக் குளித்தால் என்ன, குளிக்காவிட்டால் என்ன?

பூனை நாய்க்கு வருவோம். ஒரு தொடரின் பிறப்பைப் பேசுவதென்றால் முதலில் கேட்க வேண்டியது, அது அச்சில் முதலில் எப்போது தென்படுகிறது என்பதைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி நிற்பதே இந்த ஒரு கேள்வியின் மேல்தான். 1857-ல் திட்டம் போட்டு, 1884-ல் முதல் பகுதி வந்து, 1928-ல்தான் முதல் பதிப்பு முடிந்தது. அத்தனை வருடம் ஆனதற்குக் காரணம், ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஆண்டு, எந்த நூலில், எந்த வரியில் என்று சாட்சி தேடித் தேடிச் சேர்த்தது. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் துண்டுச் சீட்டில் மேற்கோள்களை எழுதி அனுப்பினார்கள். நான் சந்தா கட்டிய செயலியில் பிறப்புக் கதைப் பகுதி முழுவதிலும் ஆண்டு போட்ட அட்டைகள் விரல் விட்டு எண்ணிவிடலாம். 1500-களில், பழங்காலத்தில், கப்பலோட்டிய நாட்களில் என்று ஒரே மூட்டமாக இருக்கிறது.

பூனை நாய்க்குச் சாட்சி இருக்கிறது. 1651-ல் ஹென்றி வான் என்ற வேல்ஸ் நாட்டுக் கவிஞரின் தொகுப்பு வந்தது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். அதில் ஒரு கவிதையில், தலைச்சுமை வியாபாரிகள் தங்கள் சரக்கை நாயும் பூனையுமாகப் பெய்கிற மழையிலிருந்து காப்பாற்றும் கூரையைப் பற்றி ஒரு வரி வருகிறது. கவனியுங்கள், அங்கே கூரை நாயையும் பூனையையும் தடுக்கிறது, உதிர்க்கவில்லை. அடுத்து ரிச்சர்ட் ப்ரூம் என்ற நாடகாசிரியர். 1653-ல் அச்சான அவருடைய நாடகம் ஒன்றில் நாய்களும் போல்கேட்டுகளும் பெய்யும் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. போல்கேட் பெயரில்தான் பூனை. அது கீரியைப் போல நீண்ட உடம்புள்ள, நாற்றமடிக்கும் ஒரு காட்டுப் பிராணி. ஆக அந்தக் காலத்தில் இந்தத் தொடர் இன்னும் கெட்டியாகவில்லை, ஆளுக்கு ஒரு பிராணியைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது. இன்றைக்கு நாம் சொல்கிற அதே வரிசையில், பூனை முன்னே நாய் பின்னே, நையாண்டி எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்ட் 1738-ல் எழுதியிருக்கிறார். மேல்தட்டு மக்களின் சலித்துப்போன பேச்சுகளைக் கிண்டல் செய்யும் நூல் அது, அதாவது அந்த வருடமே இது தேய்ந்த சொல்லாகிவிட்டது.

இந்தச் செயலியில் ஸ்விஃப்ட் பற்றித் தனியாக ஓர் அட்டை இருக்கிறது, அதில் இந்தத் தொடரை உருவாக்கியவரே அவர்தான் என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்விஃப்ட் பிறந்தது 1667. வானின் கவிதை அச்சாகி 16 வருடம் கழித்து. இது ஒருபுறம் இருக்கட்டும், ஒரே செயலியில் ஓர் அட்டை கூரை நாய்தான் காரணம் என்கிறது, இன்னோர் அட்டை ஸ்விஃப்ட்தான் என்கிறது, இரண்டையும் ஒருவர்கூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை. ஸ்விஃப்டை எதற்காவது இழுப்பதாக இருந்தால் அவர் 1710-ல் எழுதிய லண்டன் மழைக் கவிதைக்காக இழுத்திருக்கலாம். மழை வெள்ளத்தில் சாக்கடை பொங்கி, முங்கிச் செத்த நாய்க்குட்டிகள், செத்த பூனைகள், முள்ளங்கித் தழை போன்ற டர்னிப் இலைகள் எல்லாம் உருண்டு புரண்டு வருவதை அப்படியே காட்டுவார். தெருவில் கிடந்த செத்த பிராணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, இதெல்லாம் வானத்திலிருந்தா விழுந்தது என்று யாரோ கேலியாகச் சொல்லியிருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஊகம்தான். கூரை நாயைவிட ஆயிரம் மடங்கு கௌரவமான ஊகம்.

ஓடின் விடைக்கும் கிரேக்க விடைக்கும் சாட்சி கிடையாது. ஓடினுக்கு ஓநாயும் நாயும் துணை, புயலுக்கும் அவருக்கும் தொடர்பு, சூனியக்காரிகளுக்குப் பூனை துணை என்று ஒட்டுப்போட்டுக் கதை பண்ணியிருக்கிறார்கள். வட ஐரோப்பிய மொழிகளில் இதே பூனை நாய் மழை இருந்தால் நம்பலாம். இல்லை. கிரேக்கத்தில் நம்பமுடியாத என்று பொருள்படும் கேட்டா டாக்ஸா என்ற ஒலிதான் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் ஆனதாம். ஒலி ஒற்றுமை மட்டும் போதுமென்றால் எந்த மொழிச் சொல்லையும் எந்த மொழியிலிருந்தும் வரவழைத்துவிடலாம், நம்மவர்களுக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும்.

செயலி இதைச் சொல்லித்தந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது வேறு. உலகத்தில் யார் மழையையும் மழையாகச் சொல்லித் திருப்தியடைவதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கயிறு கயிறாகப் பெய்கிறது, ஜெர்மானியர்களுக்கு நூல். கிரேக்கர்களுக்கு நாற்காலிக் கால்கள் விழுகின்றன. டென்மார்க்கில் செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகும் பையன்கள், செக் மொழியில் தள்ளுவண்டிகள், போர்ச்சுகீசில் பேனாக்கத்திகள். வேல்ஸ் மொழியில் கிழவிகளும் தடிகளும். அமெரிக்காவில் வைக்கோல் அள்ளும் கவைக்கோல் மழை ஒன்று 1815-லேயே அச்சில் இருக்கிறது, முனை கீழ்நோக்கி என்ற கூடுதல் விவரத்தோடு. இத்தனை பேருக்கும் கூரைக் கதை கட்ட முடியுமா? டேனிஷ் செருப்புக்கடைப் பையன்கள் எந்தக் கூரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்? விழவே முடியாத ஒன்று வானத்திலிருந்து விழுகிறது என்று சொல்வதில் இருக்கிற குதூகலம்தான் இந்தத் தொடர்களுக்கெல்லாம் பொதுவாக எனக்குத் தெரிகிறது. பூனையும் நாயும் ஏன் சேர்ந்தன என்று கேட்டால், நாயும் பூனையும் மாதிரி அடித்துக்கொள்கிறார்கள் என்று நாமும் சொல்கிறோம், அவர்களும் சொல்கிறார்கள். புயல் மழையின் சத்தமும் உருட்டலும் அந்தச் சண்டையை நினைவூட்டியிருக்கலாம். கலாம்தான். அந்தக் கலாமை எழுதுவதற்கு இந்தச் செயலியில் இடமே இல்லை, எல்லாமே அடித்துச் சொன்ன மாதிரி முற்றுப்புள்ளியில்தான் முடியும்.

ஒரு தொடரை வைத்து மட்டும் குறை சொல்லக்கூடாது என்று வேறு சிலவற்றையும் சோதித்தேன். கடைசி நொடியில் தப்பிப்பதைச் சொல்லும் சேவ்ட் பை த பெல் அட்டையில் உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் சவப்பெட்டிக்குள்ளிருந்து கயிற்றை இழுத்து மணியடிக்கும் கதை. அப்படிப்பட்ட சவப்பெட்டிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் காப்புரிமை வாங்கினார்கள் என்பது உண்மை, ஆனால் தொடர் வந்தது குத்துச்சண்டை மேடையிலிருந்து. விழுந்து கிடப்பவனுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போது சுற்று முடிந்த மணி அடித்தால் பிழைத்தான். அவ்வளவுதான், இதற்கு எதற்குச் சுடுகாடு.

பைட் த புல்லட்டில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் செயலி சொல்வது பாதி வாசல் வரை வருகிறது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் போர்க்கள மருத்துவர்கள் வலி தாங்கத் துப்பாக்கிக் குண்டைக் கடிக்கக் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் என்கிறது அட்டை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபிரான்சிஸ் க்ரோஸ் என்பவர் தொகுத்த கொச்சைமொழி அகராதியின் 1796 பதிப்பில் நைட்டிங்கேல் என்ற சொல்லின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது. சாட்டையடி வாங்கும்போது வாய்விட்டு அலறும் சிப்பாய்க்குத்தான் அந்தக் குயில் பட்டம். சில படைப்பிரிவுகளில் அலறுவது மானக்கேடு, அதனால் குண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே அடி வாங்குவார்களாம். ஈதர் மயக்க மருந்தைக் கொடுத்து பாஸ்டன் மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் அறுவை செய்து காட்டியது 1846-ல், அதற்கு 50 வருடம் முந்திய சாட்சி இது, ஆனால் மருத்துவரைக் காட்டவில்லை, சாட்டையைக் காட்டுகிறது. இன்றைய பொருளுக்குப் பக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கு என்ற அர்த்தத்தில், ருட்யார்ட் கிப்ளிங் 1891-ல் வெளியான நாவலில் எழுதுகிறார். மருத்துவரை விட்டுவிட்டுச் சாட்டையைச் சொல்லியிருந்தால் கதையும் இன்னும் கனமாகியிருக்கும், உண்மையாகவும் இருந்திருக்கும். அதுதான் எரிச்சல்.

மொத்தமும், ஒன்று விடாமல் என்று பொருள்படும் த ஹோல் நைன் யார்ட்ஸ் அட்டையைத் திறந்தபோது நான் சந்தாவை ரத்து செய்யும் பக்கத்தையும் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டேன். எதிர்பார்த்தபடியே இரண்டாம் உலகப்போர் விமானம், 27 அடி நீளத் தோட்டாப் பட்டை, மொத்தத்தையும் சுட்டுத் தீர்த்தான், 27 அடி என்றால் 9 கஜம், முடிந்தது கதை. இந்தத் தொடருக்காகத் தேடியவர்கள் தேடிய தேடலே ஒரு தனிக் கதை. பழைய செய்தித்தாள்கள் கணினியில் ஏறிய பிறகு, சொல்வேட்டையில் ஆர்வமுள்ள தன்னார்வலர்களும் யேல் சட்டக் கல்லூரி நூலகர் ஃபிரெட் ஷப்பிரோவும் ஆண்டைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்கள். 1912-ல் கென்டக்கிப் பத்திரிகையில் ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ் என்று, ஆறு கஜமாக, கிடைத்தது. 1907-ல் இந்தியானா மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய செய்தியில் ஃபுல் நைன் யார்ட்ஸ். 1907-ல் எந்தப் போர் விமானம், எந்தத் தோட்டாப் பட்டை? எண்ணே ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது என்றால், எதையோ அளந்து ஒன்பது கஜம் என்று சொன்னார்கள் என்ற கதை எல்லாமே, ஸ்காட்லாந்துப் பாவாடைத் துணி உட்பட, மொத்தமாகப் படுத்துவிடும். இந்த வேட்டையை இரண்டு நிமிட வாசிப்பாக எழுதியிருந்தால் நான் இன்னும் ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போட்டிருப்பேன்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதைச் சொல்லும் டர்ன் எ பிளைண்ட் ஐ அட்டை நன்றாக இருக்கிறது. 1801 ஏப்ரல் 2, கோப்பன்ஹேகன் கடற்போர், பின்வாங்கு என்று மேலதிகாரி ஹைட் பார்க்கர் கொடிச் சைகை காட்ட, பார்வை போன கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்ன கதை. நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, அந்தக் கண்ணில் 1794-ல் கோர்சிகாவில் அடிபட்டதுவரை இருக்கிறது. எல்லாவற்றையும்விட, தொடருக்கு நெல்சன் தகப்பன் இல்லை, அதைப் பிரபலமாக்கியவர் மட்டுமே, அந்தப் போருக்கு முன்பே இது வழக்கில் இருந்தது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். இந்த அட்டையை எழுதியவர் யாரோ அவரையே மற்றதையும் எழுத விட்டிருந்தால் என் வேலை மிச்சம். ஓவியர்தான் இங்கேயும் சறுக்கியிருக்கிறார், நெல்சனுக்குக் கடற்கொள்ளைக்காரன் மாதிரி கறுப்புக் கண்பட்டை போட்டுவிட்டார். நெல்சன் கண்பட்டை கட்டியதே இல்லை.

பொருள் பகுதியிலும் எனக்கு ஒரு குறை, சின்னதுதான். ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் அட்டையில் அன்றாடப் பேச்சு என்று பச்சை அடையாளம் போட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் நாம் அத்தனை பேரும் முதலில் படித்த மரபுத்தொடர் இது, ஆனால் ஆங்கிலேயர்கள் வாயில் அதிகம் வருவது ஊற்றுகிறது என்ற பொருளில் வரும் போரிங், பக்கெட்டிங் டவுன், சக்கிங் இட் டவுன் போன்றவை. பூனை நாய் என்று சொன்னால் புரியாமல் போகாது, கொஞ்சம் பழைய பாணியாக, தாத்தா பேசுகிற மாதிரி இருக்கும். 1738-லேயே ஸ்விஃப்ட் இதைத் தேய்ந்த பேச்சு என்று கிண்டல் செய்துவிட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். கிக் த பக்கெட்டுக்கு அவ்வளவு அக்கறையாகச் சிவப்புக் குறிப்பு போட்டவர்கள் இதற்கு ஒரு மஞ்சளாவது போட்டிருக்கலாம்.

புகார் அனுப்பிய அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், சந்தா கட்டுபவர்களுக்கு அது முக்கியம். வான், ப்ரூம், ஸ்விஃப்ட் மூவரையும் ஆண்டோடு எழுதி, வினாடி வினாவைத் திருத்துங்கள், என் 41-ஐத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று உடனே ஒரு தானியங்கிப் பதில். பத்து நாள் கழித்து இன்னொன்று: எங்கள் குழு பல தளங்களில் சரிபார்த்துவிட்டது, தகவல் சரியே. பல தளங்களில் சரிபார்ப்பதுதான் சங்கடமே, அத்தனை தளமும் அந்த ஒரே மின்னஞ்சலின் பேரப்பிள்ளைகள். நான் விடவில்லை, மூன்றாவது தடவை எழுதினேன். ஒரு மாதம் கழித்து அட்டையில் இரண்டு வார்த்தை கூடியிருந்தது: சிலர் கருத்துப்படி. வினாடி வினா அப்படியே இருக்கிறது, இன்றும் கூரையை அழுத்தினால்தான் பச்சை.

யாருக்கு உதவும் என்று கேட்டால், ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தொடர்களைச் சரியான இடத்தில் போடப் பழகுபவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். இலவசப் பதிப்பே போதும், அதில் பொருள், வாக்கியம், குரல் மூன்றும் இருக்கின்றன. சந்தா கட்டினால் கூடுதலாகக் கிடைப்பது பிறப்புக் கதைகள்தான். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அணைக்கும் பொத்தானை மூன்று திரை உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள், போன வாரம் தேடிப் பிடித்து அணைத்துவிட்டேன். அணைத்த பிறகு ஏனோ பழைய அட்டையை ஒரு தடவை திறந்து பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த அந்த இரண்டு வார்த்தைக்குக் கீழே நாய் இன்னும் நான்கு காலையும் விரித்தபடி கூரையிலிருந்து சறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.